சன்னாசி செய்த கிறிஸ்மஸ் பெட்டி

என் வீட்டுக்காரர் பெயர் சன்னாசி. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் என் அம்மா சொல்லி வளர்த்தாள். ஆனால் இந்த மனிதரை 'ஏங்க' என்று கூப்பிட்டாலும் 'ம்' தான், 'என்னங்க' என்று கூப்பிட்டாலும் 'ம்' தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறேன். அதனால் நான் பெயரைச் சொல்லியே சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சன்னாசி செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வெட்டுகிற கை என்றால் முள் ஏறத்தான் செய்யும். ஒருமுறை ஏறிய முள் உள்ளேயே இருந்து சீழ் பிடித்து, ஆறிய பிறகு வலது கை ஆள்காட்டி விரல் மடங்காமலே நின்றுவிட்டது. அவர் தேத்தண்ணி குடித்தாலும் அந்த விரல் யாரையோ காட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தங்களை மிரட்டுகிறார் என்று பயந்துபோவார்கள். தோட்டத்தை விட்டு புக்கிட் ரோத்தான் தாமானில் வீடு எடுத்து வந்தபின் ஒரு கிடங்கில் ஜாகா வேலை கிடைத்தது. லோரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை. இவருக்கென்றே யாரோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வெற்றிலை போடுவதைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. இன்னொன்று, புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அதன் மூலையில் மஞ்சள் வைக்காமல் தொடமாட்டார். தீபாவளித் துணிக்கு ஊரே வைக்கும், இவர் வாஷிங் மெஷினுக்கும் வைத்தார். அதைப் பொருத்திக்கொடுக்க வந்த கடைப் பையன் சிரித்ததை இவர் கண்டுகொள்ளவே இல்லை.

எங்களுக்கு ஒரே மகன், செல்வா. ரவாங்கில் ஃபேக்டரி வேலை. போன வருடம் ஒருநாள் போன் பண்ணி, கல்யாணத்தைப் பதிவு பண்ணிவிட்டோம் என்றான். பெண் பெயர் ஷர்மினி, கிள்ளானில் கிறிஸ்துவக் குடும்பம். என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லையே என்று எனக்கும் வயிறு எரிந்தது. இருந்தாலும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டுமே. அவர்கள் வருகிற அன்று தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ஜோடிக்குச் சுற்றச் செக்கச்செவேலென்று ஆலம் தயார் பண்ணி வைத்தேன். வாசலுக்குக் கொண்டுபோகும்போது சன்னாசி வழியில் வந்து நின்றார்.

"பெத்தவங்ககிட்ட சொல்லாமக் கட்டிக்கிட்டவனுக்கு ஆலம் ஒண்ணுதான் கொறச்சல். உள்ள வரச் சொல்லு, போதும்" என்று தட்டை வாங்கி, அடுப்படிக்குக் கொண்டுபோய் சிங்கில் ஊற்றிவிட்டார். கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் பழப்பையும் கையுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டாலேயே இவர் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். கோபம் மகன் மேல், வந்து விடிந்தது மருமகள் தலையில்.

அதற்குப் பிறகு அவர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வரும்போதெல்லாம் ஷர்மினிதான் தேத்தண்ணி கலக்கி, "மாமா, தேத்தண்ணி" என்று கொண்டுவந்து வைக்கும். இவர் டிவியைப் பார்த்தபடி எடுத்துக்கொள்வார். எனக்குக் கிடைக்கிற 'ம்' கூட அதற்குக் கிடைக்காது. சாப்பாடு போட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். கோபம் எப்போதோ தணிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நாள் பேசாத மனிதர் எந்த வார்த்தையில் தொடங்குவார்? அது அவருக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் ஷர்மினி எனக்குப் போன் பண்ணியது.

"அத்தே, கிறிஸ்மஸுக்கு நான் அம்மா வீட்டுக்குப் போறேன். அதுக்கப்புறம் அங்க செல்வா மட்டும் வந்து உங்களப் பாத்துட்டு வரட்டும். நான் வந்தா மாமா தட்டத் தூக்கிக்கிட்டு வெளிய போறாரு. அவரு வீட்ல அவரு நிம்மதியா உக்காந்து சாப்பிடட்டும் லா. நீங்க கோவிச்சுக்காதீங்க."

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அது சாதாரணமாகச் சொன்னது. முடிவு பண்ணிவிட்டுச் சொல்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.  போனை வைத்துவிட்டு நேராகச் சன்னாசியிடம் போய், கேட்டதை உப்பு காரம் சேர்த்தே சொன்னேன்.

"இனிமே அந்தப் புள்ள இந்த வாசப்படிய மிதிக்காது. சந்தோசமா? இனி டிவிய நல்லாப் பாருங்க."

அவர் டிவியை அணைத்தார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது அக்குளில் ஒரு வெள்ளைச் சுருள். பிரித்தால் மணிலா அட்டை, பள்ளிப் பிள்ளைகள் படம் ஒட்ட வாங்குவார்களே, அதே அட்டை. கோலசிலாங்கூர் பெக்கான் கடைத்தெருவில் வாங்கினாராம். பேரப் பிள்ளைக்குப் பள்ளிப் பாடமா என்று கடை முதலாளி தவுக்கே கேட்டானாம். இவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். இல்லாத பேரப் பிள்ளைக்குப் பாடம் வேறு.

அன்றிலிருந்து என் சாப்பாட்டு மேசை எனக்கில்லை. போனைச் சட்டியில் சாய்த்து வைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, ஏதோ ஒரு நாட்டுப் பெண் பெட்டி செய்கிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மை தீர்ந்த பேனாவால் கோட்டின் மேல் அழுத்தி இழுத்தார். நாலு மூலையிலும் வெட்டி, மடித்து, கம் தடவி, துணி கிளிப் மாட்டிக் காயவைத்தார். பெட்டியும் ஆனது, மூடியும் ஆனது. ஆனால் மூடி பெட்டி மேல் இறங்கவே இல்லை. இரண்டையும் ஒரே அளவில் வெட்டியிருக்கிறார், பாவம். அடுத்த மூடி தொளதொளவென்று ஆடியது. அதற்கடுத்தது மழைக் காற்றில் ஈரம் குடித்து வாயைப் பிளந்துகொண்டது. நான் முதல் பெட்டியில் வெங்காயம் போட்டேன், அடுத்ததில் காய்ந்த மிளகாய், அதற்கடுத்ததில் பூண்டு. அவருடைய பெட்டி தேறவில்லை, என் அடுப்படி தேறிவிட்டது.

"யாருக்குங்க இது?"

"ம்."

"ம்முனு எனக்கு யாரையும் தெரியாதே."

 ஸ்கேலை எடுத்து அடுத்த கோட்டைப் போட்டார். மடங்காத அந்த விரல் கடைசியில் எதற்காவது உதவியதென்றால் இதற்குத்தான். மடிப்பின் மேல் அதை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் அட்டை கத்தி போல் மடிந்தது. ஒருநாள் மூடி சிறு மூச்சு விட்டபடி மெல்ல இறங்கிப் பெட்டியில் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்பை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

"கிறிஸ்மஸுக்கு மூடி மேல என்ன ஒட்டுவாங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் மனிதர் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுவார்.

"நட்சத்திரம் ஒட்டுவாங்க" என்றேன்.

தங்கக் கலர் தாளில் ஒரு நட்சத்திரத்தை மடித்து ஒட்டினார். ஒரு முனை கொஞ்சம் கோணல். பரவாயில்லை, வானத்தில் இருப்பதை யார் அளந்து பார்த்தார்கள்.

"நெய் உருண்டை செஞ்சு குடு. உள்ள வைக்கணும்."

"தீவாளிதான் முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு நெய் உருண்டை? கேக்கு வாங்கி வைக்கலாமே?"

"தீவாளிக்கு வந்தப்போ அந்தப் புள்ள ஒடஞ்சு கெடந்த உருண்டையா பாத்துப் பாத்து எடுத்துத் தின்னுச்சு. முழுசா இருந்தது ஒண்ணக்கூடத் தொடல. முழுசாக் குடுப்போம்."

அன்று முழுக்க இவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல் இதை எப்போது பார்த்தாரோ. முழு உருண்டையை எடுக்கக் கூச்சப்படுகிற வீடாகவா என் வீடு இருந்திருக்கிறது? பாசிப்பயற்றை வறுக்க அப்போதே எழுந்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் எல்லாம் தயார். மேசை மேல் பெட்டி வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்தது. நான் உருண்டைகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். சன்னாசி வெற்றிலை போட்டுவிட்டு வந்தார், பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், சாமி மாடத்துக்குப் போனார், குழைத்த மஞ்சளை விரலில் எடுத்து வந்து மூடியின் மூலையில் வைத்துவிட்டார். புதுச் சாமான் ஆயிற்றே. கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது.

துணி வேறு, மணிலா அட்டை வேறு. ஈர மஞ்சளை அட்டை மடமடவென்று குடித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஊறி ஊறி நட்சத்திரத்தை நோக்கிப் போனது. அவர் பதறிப்போய்க் கட்டைவிரலால் துடைத்தார். அந்தக் கட்டைவிரலில் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? மூலை முழுக்கச் சிவந்துவிட்டது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். அட்டையும் மிச்சமில்லை, நாளும் மிச்சமில்லை.

"தூக்கிப் போட்டுடு" என்றார்.

"தூக்கிப் போடவா? இது என்ன கலருன்னு நல்லாப் பாருங்க" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஆலம். அன்னிக்கு சிங்குல ஊத்துனீங்கல்ல, அந்தக் கலருதான். அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது எங்கயும் போகல, உங்க கையிலேயே திரும்பி வந்துருச்சு."

கோபத்தில் சொன்ன பேச்சுதான். ஆனால் அவர் மூடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு சின்னத் தட்டில் மஞ்சளைப் போட்டு, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துப் போட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கெட்டியாகக் கரைத்தார். அந்த மடங்காத விரலால் தொட்டு மற்ற மூன்று மூலைகளிலும் வைத்தார். இந்தத் தடவை ஒரு மூலைகூட ஊறிப் பரவவில்லை.

கிறிஸ்மஸ் அன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, கிள்ளானுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். பக்கத்து ஊர் ஜெராமைத் தாண்டி எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகாத மனிதர் இவர். பழைய காடியில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.  வழியில் குழி வரும்போதெல்லாம் அவர் வேகத்தைக் குறைத்துப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

சம்பந்தி வீட்டில் கதவைத் திறந்தது ஷர்மினிதான். எங்களைப் பார்த்ததும் கதவுப் பிடியை விடாமலே நின்றது. பின்னால் செல்வா சாப்பிட்ட கையோடு ஓடி வந்து நின்றான். சன்னாசி பெட்டியை என்னிடம் நீட்டினார், மருமகள் கையில் கொடு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகளிடம் எதையும் நேராகக் கொடுக்கமாட்டார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"செஞ்சவரு குடுக்கட்டும்."

வேறு வழியில்லாமல் பெட்டியை நீட்டினார்.  ஷர்மினி வாங்கிக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்த்தது, மூலைகளைப் பார்த்தது, ஒரு மூலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது. கிறிஸ்துவப் பிள்ளையானாலும் தமிழ்ப் பிள்ளைதானே, இந்த வாசனை தெரியாமல் இருக்குமா?

"ஆலமா மாமா?"

"ம்" என்றார். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஆமாம்மா" என்றார்.

ஷர்மினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய்த்துடுக்குக் குறையவில்லை. "பெட்டிக்குச் சுத்திட்டீங்க. எனக்கு எப்ப?"

செல்வா வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். 

"ஞாயித்துக்கெழம வா" என்றார் சன்னாசி.

அன்று அவர் சம்பந்தி வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவில்லை. ஷர்மினி அவர் எதிரில் உட்கார்ந்து முழு நெய் உருண்டையாக ஒன்று எடுத்துக் கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவர் கேட்டருகில்தான் நின்றார். வீட்டிலும் ஜாகா வேலைதான் என்று நான் கேலி பண்ணினேன். செல்வாவின் காடி வந்து நின்றது. ஷர்மினி இறங்கியது, கையில் அதே பெட்டி. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதன் அம்மா உள்ளே பழ கேக்கு வெட்டி வைத்து அனுப்பியிருந்தார்கள். ஷர்மினி பழக்கத்தில் நேரே உள்ளே வரப் பார்த்தது.

"ஷர்மினி" என்றார் சன்னாசி. அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான் முதல் தடவை. "அங்கயே நில்லும்மா. உள்ள வந்துடாத."

பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"வேலம்மா, தட்டக் கொண்டா."

நான் கரைத்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.