வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்

புதிதாகச் சுக்கான் பிடிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது லொக் சுவரில் இருக்கும் வெள்ளைக் கோட்டைத்தான். கால்வாயின் நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்க, இரு முனையிலும் கதவு போட்ட தொட்டிதான் லொக். மேல் கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு திட்டு இருக்கும். தண்ணீர் இறங்கும்போது படகின் பின்புறம் கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் அந்தத் திட்டில் மாட்டிக்கொள்ளும். முன்புறம் மட்டும் கீழே போகும். மூழ்கச் சில நிமிடம் போதும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒருநாள் படகை அதில் மாட்டவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு குடும்பம் எங்கள் நாரோபோட்டை, ஒடுங்கிய நீளப் படகை, வாடகைக்கு எடுத்திருந்தது. ஏறியவர்களில் லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் நடராஜா அண்ணையும் இருந்தார். அவருடைய மகனுக்கு என் மகளைப் பேசிக்கொண்டிருந்தோம். லூயிஷாம் கோயிலில் அவரிடம் நான் கால்வாய் எஞ்சினியர் என்று சொல்லியிருந்தேன். படகோட்டுவது கௌரவமான வேலைதான். எனக்குத்தான் அது போதவில்லை.

தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டேன். லொக்குக்குள் போனதும், என்னோடு வேலைசெய்த பிளேஸ்டோவில் இருக்கும் சுகந்தி கரையில் இறங்கி, தண்ணீரை இறக்கக் கீழ் மடையைத் திறந்தாள். நடராஜா அண்ணையும் கரைக்கு ஏறி, போனில் வீடியோ எடுத்தபடி படகின் பின்பக்கம், நான் நின்ற இடத்துக்கு வந்தார். நான் சுக்கானை விட்டுவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கி, எதையோ திருத்துகிறவன்போலக் குனிந்து நின்றேன்.

"அண்ணை, கோட்டுக்கு வந்திட்டுது, முன்னுக்கு எடுங்கோ," என்றாள் சுகந்தி. பிறகு, "அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

பதில் சொன்னால் குரலை அடையாளம் கண்டுவிடுவார் என்று வாய் திறக்கவில்லை. பின்புறம் கரகரவென்று திட்டில் ஏறியது. உள்ளே தட்டுகள் சரிந்தன, பிள்ளைகள் அழுதார்கள். சுகந்தி மடையை மூடிவிட்டு ஓடிப்போய் மேல் மடையைத் திறந்தாள். தண்ணீர் ஏறிப் படகு மிதந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

மேனேஜர் சேலத்துக்காரர். "என்னங்க ஆச்சு? தப்பு யாரு மேல?" என்று கேட்டார்.

"மடையை வேகமாத் திறந்திட்டா," என்றேன்.

சுகந்தி பக்கத்தில்தான் நின்றாள். அடுத்த நாளே அவளைப் படகிலிருந்து எடுத்து டிக்கெட் கவுண்டரில் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நடராஜா அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஏறேக்கையே உங்களைக் கண்டிட்டன். வேலையிலை நிக்கிறியள், இடைஞ்சல் குடுக்கக் கூடாதெண்டு கதைக்கேல்லை. நீங்கள் படகு ஓடுறதை வீட்டிலை நிக்கிற என்ரை மனுசிக்குக் காட்டத்தான் வீடியோ எடுக்க வந்தனான். கரையிலை நிண்ட அந்தப் பிள்ளைதான் எல்லாரையும் காப்பாத்தினது. எங்கடை நன்றியைச் சொல்லிவிடுங்கோ."

"ஓம் அண்ணை, சொல்லுறன்," என்றேன்.

மூன்று கிழமை தினமும் அந்த டிக்கெட் கவுண்டரைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அந்த நன்றியைச் சொல்லவில்லை. பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். மகளின் கலியாணம் நன்றாக நடந்தது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லொக்குக்குள் சுக்கானை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். அன்று சுகந்தி மடையைச் சரியாகத்தான் திறந்தாள்.