எனக்குத் தெரியாமல் போன ஆங்கிலம்

தா.பழூரில் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் அமெரிக்காவில் இருக்கும் என் மகள், ராட்சத செக்கோயா மரங்களைக் காட்ட ஒரு காட்டுக்கு அழைத்துப் போனாள். காரை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தோம். முதல் மரத்தை அண்ணாந்து பார்த்ததும் எங்கள் அய்யனார் தோப்பு நினைவுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து சூடத்தை எடுத்தேன்.

“வேணாம்ப்பா. எல்லாம் காஞ்சு கெடக்கு.”

“ஒரு வில்லைதாம்மா. இவ்வளவு பெரிய மரத்த சும்மா பாத்துட்டா போறது?”

அவள் திரும்பிய நேரத்தில் வேரடியில் ஏற்றிவிட்டேன். சருகு சட்டென்று பற்றிக்கொண்டது. மகள் ஓடி வந்து மிதித்தாள், கையால் அடித்தே அணைத்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

புகையைப் பார்த்து வந்த வனக்காவலர், யார் வைத்தது என்று என்னிடம்தான் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆங்கிலமே அறியாதவன்போல மகளைப் பார்த்தேன்.

“நான்தான்” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் அவள் பெயரில் வழக்கு எழுதினார்.

திரும்பும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: “கால் வலிக்குதாப்பா? மெதுவா வாங்க.”

ஊரில் பழைய மாணவர்கள், “அங்க இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கியிருப்பீங்களே சார்” என்கிறார்கள். சிரித்துவைக்கிறேன். அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது மூன்றே சொற்கள். ஆறாம் வகுப்பிலேயே நான் கற்பித்த சொற்கள்.