கிஸெல்லோ பிடித்த பலகை

கிஸெல்லோ கொம்புச் சீப்பு அறுப்பவன். இத்தாலியில், போலோன்யா நகரத்தில், எங்கள் தெருவில் அவன் சீப்பு படாத தலை கிடையாது. நாங்கள் இருவரும் ஒரே சபையில் இருந்தோம். தூக்குக்குப் போகிறவனுக்குக் கடைசிவரை துணை போவது எங்கள் சபையின் வேலை. ஒருவன் கைதியின் தோளைப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் ஏசுவின் படம் வரைந்த பலகையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து, கயிறு தெரியாமல் மறைத்துக்கொண்டு, பாடியபடி நடப்பான். பாட்டு லத்தீனில் இல்லை. சந்தையில் பேசுகிற பேச்சில் கட்டியது. எங்கள் முகத்தை முக்காடு மூடியிருக்கும், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. யார் என்று கைதியிடம் சொல்லக் கூடாது. அதில் மட்டும் சபை கறார்.

கிஸெல்லோவின் ஒரே மகனை மதுக்கடைச் சண்டையில் பால்தோ என்பவன் குத்திக் கொன்றான். அன்றிலிருந்து கிஸெல்லோ அழவில்லை. வைத்ததைத் தின்றான், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் உட்கார்ந்து அழுது தொலைத்திருக்கலாம்.

பால்தோவைத் தூக்கிலிடும் நாளில் பலகை முறை கிஸெல்லோவுக்கு வந்தது.

"நான் பிடிக்கிறேன்ப்பா. நீ வீட்டுல கெட," என்றேன்.

"முறை என்னோடது. சீப்பு அறுக்குற கை, நடுங்காது."

நடுங்கவும் இல்லை. பால்தோவின் தோளை நான் பிடித்துக்கொள்ள, அவன் வழியெல்லாம் ஒரே குரலில் பாடினான்:

இரவல் உடுப்பு இந்த உடம்பு,
கறையோடு திருப்பித் தராதே;
உன்னை அடித்தவன் கையையும்
உன் கையென்று எண்ணிப் போ.

பால்தோ ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னான். தூக்குமரத்து ஏணியடியில் நின்றுவிட்டான்.

"ஐயா, நான் கொன்ன பையனோட அப்பா இந்த ஊர்லதான் இருக்காராம். என்னை மன்னிச்சிரச் சொல்லி அவர்கிட்ட சொல்றீங்களா? நீங்க சொல்றேன்னாதான் ஏறுவேன்."

பலகை கீழே விழும் என்று நினைத்தேன்.

"சொல்றேன்," என்றான் கிஸெல்லோ. "ஏறு."

கடைசிப் படிவரை பலகை பால்தோவின் கண்ணை விட்டு விலகவில்லை. அவன் கயிற்றைப் பார்க்காமலே போனான்.

ஒரு வருடம் கழித்து, கிஸெல்லோவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"பால்தோ சொல்லச் சொன்னானே, சொல்லிட்டியா?"

கிஸெல்லோ சீப்பின் பல்லை அறுத்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அன்னைக்கே சொல்லிட்டேன். அந்த ஆளுதான் இன்னும் வாயத் தொறக்கல."