பாம்பு பிடிக்காது டீச்சர்

கல்வராயன் மலையில் ஐந்தாம் வகுப்புக்குத் தினமும் மூன்று இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் அதை வைத்து வாக்கியம் எழுதிவர வேண்டும். முதல் நாள் "ஐ லைக் மேங்கோ" என்று எழுதிக்காட்டினேன். வந்தது வினை. ஒரு மாசமாக, "ஐ லைக் ஃபீவர், ஐ லைக் ஸ்நேக்" என்றே மொத்த வகுப்பும் எழுதியது. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் நோட்டுகளைத் திருத்தும்போது எரிச்சலாக வரும். அர்த்தம் ஒருத்தருக்காவது தெரியுமா?

ஒருநாள் கடைசி வரிசைப் பெண் எழுந்தாள். "எனக்குப் பாம்பு புடிக்காதுங்க டீச்சர். அப்புடி எழுதக்கூடாதா?"

அப்பாடா! அர்த்தம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "ஐ டோன்ட் லைக்" என்று போர்டில் பெரிசாக எழுதிப்போட்டேன்.

மறுநாள் எல்லா நோட்டிலும் இருந்தது: "ஐ டோன்ட் லைக் ஹோம்வொர்க்."

ஹோம்வொர்க் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையே இல்லை.