நூற்றுப் பதின்மூன்றாவது நாற்காலி

செல்லபாய் அக்காவிடம் நான் வண்டி ஓட்டத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கோட்டாறில் பந்தல் சாமான்களை வாடகைக்கு விடுகிறவர். கல்யாண வீட்டில் நாற்காலியை எப்படிப் போட்டாலும் கண்டுகொள்ள மாட்டார். சாவு விழுந்த துட்டி வீட்டில் மட்டும் எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

“செத்த வீட்டுல ஒத்தையா கெடக்க நாற்காலி அடுத்த ஆளக் கூட்டிட்டுப் போவும் மக்கா,” என்பார். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற மனுஷி, இதை எந்த வேதத்தில் படித்தாரோ தெரியாது. கேட்டால் முறைப்பார்.

துட்டி வீட்டில் யாராவது ஐம்பத்து மூன்று நாற்காலி கேட்டால் ஐம்பத்து நான்காகத்தான் ஏற்றுவார். ஒன்பது வீதம் ஆறு வரிசை போடலாமே. ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறு எதாலும் வகுபடாத எண்ணை, பள்ளிக்கூடத்தில் பகா எண் என்பார்களே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவரிடம் இருந்ததே நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்தான். முற்றத்துக்குத் தக்கபடி ஏழாகவோ எட்டாகவோ பதினாலாகவோ பதினாறாகவோ போட்டுவிடலாம், மிச்சம் வராது. அதனாலேயே அதற்கு மேல் வாங்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் ‘செ’ என்று எழுதியிருக்கும்.

போன ஆடியில் ஆரல்வாய்மொழியில் ஒரு சாவு. அன்று சாயங்காலம்தான் அக்காவின் புருஷன் ஜான்ரோஸ் அண்ணனுக்கு நாகர்கோவிலில் இதய ஆப்பரேஷன். மகள் ரெனிஷா ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள்.

“துட்டிக்கு இல்லேன்னு சொல்லப்பிடாது. போட்டுட்டு மத்தியானத்துக்குள்ள ஓடி வந்திரலாம்,” என்று அக்கா கிளம்பிவிட்டார்.

நல்ல வெயில். கணவாய்க் காற்று பந்தலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இருந்த நாற்காலி எல்லாவற்றையும் இறக்கி, பதினாறு வீதம் ஏழு வரிசை போட்டோம். நிமிர்ந்து பார்த்தால், கடைசி வரிசைக்குப் பின்னால் தனியாக ஒரு நாற்காலி. அதன் முதுகிலும் ‘செ’.

அக்கா இரண்டு முறை எண்ணினார். நூற்றுப் பதின்மூன்று.

“ரெண்டுல போவாது,” என்று முணுமுணுத்தார். “ஒண்ணும் ஒண்ணும் மூணும் அஞ்சு, அப்பம் மூணுலயும் போவாது. கடைசியில அஞ்சும் இல்ல, பூஜ்யமும் இல்ல. ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு, ஒண்ணு மிச்சம். பதினொண்ணு பதினொண்ணே நூத்தி இருபத்தொண்ணு ஆயிரும். இனி பாக்க ஒண்ணுமில்ல.”

“அதுக்கென்னக்கா, ஒண்ண எடுத்து வண்டியில போட்டாப் போச்சு.”

தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி கிடந்தது. இந்த முறை நானே எண்ணினேன். நூற்றுப் பதின்மூன்று. வீட்டுக்காரர்கள் எடுத்து வந்திருப்பார்கள் என்று ஓடிப்போய் வண்டியைத் திறந்தால், நான் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அக்கா நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் இருந்தா அது வேற ஆளத் தேடாது,” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு ரெனிஷா அக்காவுக்குப் போன் செய்தாள். ஆப்பரேஷனை முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே வா என்றாள். அக்கா அசையவில்லை.

“நீங்க போங்கக்கா. நான் இதுல இருக்கேன்.”

“உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைய உண்டு.”

“அப்பம் நீங்க மட்டும் இருக்கலாமாக்கும்?”

“அவருக்குப் பதிலா நான் இருக்கலாம்.”

எனக்கு வந்த கோபத்துக்குக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் என்ன செய்ய?

ஜெபம் முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பந்தல் காலியானது. காலி நாற்காலிகள் எல்லாம் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருந்தன. அக்கா இருந்தது மட்டும், தரையில் முளைத்தது போல, ஆடவே இல்லை.

மறுபடி போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். அண்ணன் ஆப்பரேஷன் மேசையிலேயே போய்விட்டார். உள்ளே கொண்டுபோகிற வரைக்கும், “அவ வந்தாச்சா?” என்று வாசலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டார்.

“நான் எந்திரிக்கவே இல்லியே மக்கா,” என்றார். “நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன? ஒரு தடவையாவது எந்திரிச்சனா?”

“இல்லக்கா,” என்றேன்.