அசையாத கமெரா

நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவான சிஞ்ஞோரா, திரையில் ஆட்கள் அழுதால் சிரிப்பார். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரும் புதினம். சினிமாவைப் பற்றி எழுதுகிறவர் அவர். சுவீடன் நாட்டு இயக்குநர் ஒருவரின் வீடியோக் கசற்றுகளையே திரும்பத் திரும்பப் போடுவார். வெளிறிய சுவர்கள், மா பூசியது போன்ற முகங்கள். ஒருவர் கதிரையில் இருந்து விம்முவார். சுற்றி நிற்பவர்கள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். கமெரா அசையவே அசையாது.

"கசற் இறுகிவிட்டதா, சிஞ்ஞோரா?" என்று தரை துடைத்தபடி கேட்டேன். அதற்கும் சிரித்தார். முதல் படத்துக்கு எல்லோரும் கைதட்டினார்களாம். அடுத்தது விழுந்துபோக, பல வருடம் விளம்பரங்கள் எடுத்தே அந்த மனிதர் காலம் தள்ளினாராம். இந்தப் பாணி அந்த விளம்பரங்களில்தான் முற்றியதாம். "ஓடித் திரிகிற கமெரா எதையும் ஒளிக்கும். நிற்கிற கமெராவால் முடியாது" என்றார் சிஞ்ஞோரா.

அந்தச் சொல் என்னை விடவில்லை. மன்னாரை விட்டு இடம்பெயர்ந்த என் மனைவி பிலோமினா நீர்கொழும்பில் இருந்தாள். அவளை இங்கே அழைக்கும் விசாக் கடதாசிகள் ஐந்து வருடமாகச் சரிவரவில்லை. எனக்கு இங்கே வேறொருத்தி இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அவளின் கடிதங்கள் நாலு வரியாகிவிட்டன. மடு மாதா கோயில் திருவிழாவில், மரத்தடிக் கொட்டிலில், அடுப்புப் புகைக்குள் எனக்கெதிரே இருந்து சாப்பிட்டவள். நான் முதல் வாய் எடுக்கும்வரை தன் சோற்றுக் கோப்பையில் கை வைக்கமாட்டாள்.

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கும் இங்கிருந்து கசற் வந்திருக்கும்: நீரூற்று, கடற்கரை, கார். நான் சிஞ்ஞோராவின் வீடியோக் கமெராவைக் கேட்டு வாங்கி, என் அறை முழுவதும் தெரிய ஒரு மூலையில் நிறுத்தினேன். பக்கத்து அறையில் இருக்கும் செபமாலை அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"விசரோடா உனக்கு? ஆரின்ரையாவது காருக்குப் பக்கத்திலை நிண்டு எடு. உன்ரை ஓட்டைக் கதிரையைப் பாக்கவோ அவ இருக்கிறா?"

"ஓம் அண்ணை, அதைத்தான் அவ பாக்கவேணும்."

பல்லரோ சந்தையில் வாங்கிய மீனைக் குழம்பு வைத்தேன். சிலுவை போட்டுச் சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். மடு மாதா படத்துக்கு முன் ஐம்பத்துமூன்று செபமணியும் சொன்னேன். கமெராவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

கசற்றைப் பிலோமினாவுக்கு அனுப்பி மூன்று கிழமைக்குப் பிறகு தொலைபேசி எடுத்தேன்.

"கசற் இறுகிப்போச்செண்டு நினைச்சனப்பா" என்றாள். பிறகு, "கட்டிலுக்குக் கீழை, கதவு மூலையிலை எல்லாம் பொம்பிளைச் செருப்புத் தேடினனான்."

"கண்டனீரோ?"

"ஒரேயொரு கோப்பையைத்தான் கண்டன்." மெல்லச் சொன்னாள்: "ரெண்டாந்தரம் போடேக்கை நானும் சோத்தைப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னாலை இருந்தனான். நீங்கள் சிலுவை போட, நானும் போட்டன்."

சிஞ்ஞோராவுக்கு இதைச் சொன்னேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

கமெரா நின்ற மூலை இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. ஆனாலும் சாப்பிட இருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னால் முடிவதில்லை. நான் முதல் வாய் எடுக்கப் பிந்தினால், நீர்கொழும்பில் ஒருத்தி கோப்பையில் கை வைக்காமல் காத்திருப்பாள்.