ஊசிமுனை அளவுக் காயம்

எழுபதுகளின் பிற்பகுதியில் கும்மிடிப்பூண்டியில் தகடு வளைக்கும் ஒரு கம்பெனியில் ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு அதே மிஷினில் நின்றவன் ஆரம்பாக்கத்துக்காரன். சொந்தமாகக் கொஞ்சம் நெல்வயல் உண்டு. புதிதாகக் கல்யாணமானவன். எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். அவன் வராத நாளில் எனக்கு வேலை ஓடாது.

ஒருநாள் காலை பிரஸ்ஸின் ரப்பர் குழாய்ப் பக்கம் எண்ணெய் மெல்லிய புகைபோலத் தெளித்தது. ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. மோட்டார் ஓடும்போதே அவன் குழாயை விரலால் தடவினான். சட்டென்று கையை உதறினான். சுட்டுவிரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட இல்லை. நான் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன்.

சத்தம் நின்றதும் போர்மேன் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எறும்பு கட்ச்ச மாதிரிதான் கீது சார். துணி சுத்திக்கினு வேலையப் பாக்கறேன்" என்றான் அவன்.

"வலி இல்லாததுதான் பேஜாரு. அந்த வேகத்துல எண்ணெ தோலுக்குள்ள பூந்துட்டிருக்கும். இன்னிக்கே கீறிக் கழுவலன்னா விரல எடுக்க வேண்டியதுதான். ஏறு வண்டில" என்றார் போர்மேன்.

சரக்கு ஏற்ற வந்திருந்த லாரியில் மூவரும் மெட்ராஸ் கிளம்பினோம். செங்குன்றம் வருவதற்குள் விரல் பருத்து வெளுத்துவிட்டது. அவன் பேச்சு அடங்கியது. போர்மேன் அவன் கையைத் தன் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்று நட்டாயிற்றா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் உடனே விரலைக் கீறி உள்ளங்கை வரை கழுவினார்கள். விரல் தப்பியது; முழுதாக மடக்க மட்டும் வராமல் போயிற்று.

சாயங்காலம் அவன் மனைவி வந்தாள். சின்னக் காயம்தான் என்று என்னைச் சொல்லச் சொல்லியிருந்தான். அவள் என்னைக் கேட்கவே இல்லை; நேராக போர்மேனிடம் போனாள். அவரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டாள். அடிபடாத வலது கை சும்மாதான் இருந்தது. அதைச் சொல்லாமல் நானும் போர்மேனும் டீ குடிக்க வெளியே வந்துவிட்டோம்.

அவன் வேலைக்குத் திரும்பியபின், கசிவு தேட நீளமான அட்டையைத்தான் குழாயோரம் நீட்டுவோம். எண்ணெய் பட்டு அட்டை நனைந்தால் மோட்டாரை நிறுத்தி, லீவரை அசைத்துக் குழாயில் தங்கிய அழுத்தத்தையும் இறக்குவோம். அதன்பிறகுதான் கை வைப்போம். அட்டை வெட்டித் தரும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான், வழக்கம்போலப் பேசிக்கொண்டே.